சோளத் தூசியும் 96,600 ரூபாய் பில்லும்

2023 நவம்பர், மதியம் இரண்டு மணி. ஆத்தூரில் 18 டன் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பியிருந்தேன். தொப்பூர் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது, எப்போதும் நடுவில் நிற்கிற டெம்பரேச்சர் முள் மெல்ல மேலேறிச் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டுவதற்குள் கேபினுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடி வழியாகக் கூலன்ட் கொதித்து ரோட்டில் வழிந்தது.

என்னுடையது 2018ஆம் ஆண்டு பத்து சக்கர வண்டி, பிஎஸ் 4 இன்ஜின். 2021இல் இரண்டாவது கையாக வாங்கினேன். நானே ஓட்டுகிறேன். வடக்கே போகும்போது ஜவ்வரிசி. திரும்பும்போது கர்நாடகத்தில் தாவணகெரே, ஹாவேரி பக்கத்திலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்து நாமக்கல் கோழித் தீவன ஆலைகளில் இறக்குவேன். இந்த மக்காச்சோளத்துக்கும் எனக்கு வந்த பில்லுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, சேலத்துக்கே திருப்பினேன். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கம் பல வருடமாக நான் வேலைக்கு விடும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். நல்ல கைக்காரர். கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அவர் கை பட்டால் வருடக்கணக்கில் ஓடும். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அந்த நம்பிக்கையில் ஒன்றும் தப்பில்லை. நம்பிக்கை இருந்ததால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன், அதுதான் தப்பு.

நான் கொண்டுபோனபோது வண்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது. வரும் வழியில் ஒரு ஏற்றத்தில் மறுபடி கொதித்திருந்தது. அவர் மூடியைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு எட்டிப் பார்த்தார். தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது.

“கேஸ்கட் அடிச்சிருச்சுங்க தம்பி. கம்ப்ரஷன் தண்ணிக்குள்ள வருது பாருங்க. ஹெட்டைக் கழட்டித்தான் ஆகோணும்.”

ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே உட்காரும் இன்ஜினின் மேல்பகுதி. அதற்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவில்லாமல் அடைக்கிற தகடுதான் கேஸ்கட். அது அடித்துவிட்டால் சிலிண்டருக்குள் அழுத்தப்படும் வாயு தண்ணீருக்குள் கசியும்.

“எவ்வளவுண்ணே ஆகும்?”

“முப்பதுக்குள்ள முடிச்சிரலாம்.”

“சரிங்கண்ணே, பார்த்துச் செய்யுங்க.”

இந்த ‘பார்த்துச் செய்யுங்க’வை நாம் எல்லோரும் சொல்கிறோம். மரியாதைக்குச் சொல்கிறோம். ‘என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும், அதிகம் வைக்காதீர்கள்’ என்ற வேண்டுகோள் அதில் இருக்கிறது. ஆனால் பட்டறையில் அது விழுகிற விதமே வேறு. ‘உங்களுக்கு எது சரி என்று படுகிறதோ எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்’ என்ற அனுமதியாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார். அவர் மேல் முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. எதைச் செய்ய வேண்டும், எதைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று நான் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றினார்கள். லேத்துக்கு அனுப்பி அதன் அடிமுகத்தைச் சமமாகச் சீவி ஃபேசிங் செய்தார்கள், வால்வு சீட் வெட்டினார்கள். “இவ்வளவு தூரம் இறக்கியாச்சு, வாட்டர் பம்ப்பையும் மாத்திருவோம்” என்று போனில் சொன்னார். சரி என்றேன். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஆறையும் சர்வீஸுக்கு அனுப்பியது பில்லைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும். வண்டி ஒன்பது நாள் நின்றது.

பில் ஒரு வெள்ளைத்தாளில் வந்தது. கேஸ்கட் செட் 14,200. ஹெட் போல்ட் 6,800. லேத் வேலை 11,500. வாட்டர் பம்ப் 8,900. தெர்மோஸ்டாட், ஹோஸ், கிளாம்ப் 4,700. இன்ஜெக்டர் சர்வீஸ் 15,000. இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் 9,600. கூலன்ட் 4,400. லேபர் 18,000. ‘இதர’ என்று ஒரு 3,500. கூட்டினால் 96,600 ரூபாய். முப்பதாயிரம் என்று மனதில் வைத்துக்கொண்டு போனவனுக்கு அந்தத் தாளைப் பிடித்த கை நடுங்கியது. அந்த மாத டியூ கட்ட வைத்திருந்த பணத்தையும் சேர்த்துப் பார்த்தேன், போதவில்லை. வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை கூட்டுறவு வங்கியில் வளையல் இரண்டையும் வைத்துப் பணம் எடுத்து வந்து கொடுத்தாள். இதை எழுதும்போதும் எனக்கு அந்தக் காலைதான் கண்ணில் நிற்கிறது.

பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தேன். கழற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி வாங்கி வந்தேன். பழைய இரும்புக்குப் போடலாம் என்றுதான் வாங்கினேன். அந்தச் சாக்கு பிறகு எனக்குச் சாட்சியாக நின்றது.

மறுபடி ஆத்தூர், மறுபடி 18 டன். தொப்பூரில் முள் நடுவைத் தாண்டியது, ஆனால் சிவப்புக்குப் போகவில்லை. புது வேலை, செட்டாகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கிருஷ்ணகிரி தாண்டி மேலுமலை ஏற்றத்தில் அந்தச் சமாதானம் முடிந்துபோனது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பாரத்தோடு போகிற வண்டிக்கு அந்த வழி முழுக்க வேலைதான். அதே சிவப்பு, அதே ஆவி. ரோட்டோரத்தில் உட்கார்ந்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். “ஹெட்டே கிராக் விட்டிருக்கும் தம்பி, வண்டியைக் கொண்டுவாங்க, வேற ஹெட் பார்ப்போம்” என்றார். வேறு ஹெட் என்றால் இன்னொரு லட்சம்.

பக்கத்தில் நின்ற ஒரு கன்டெய்னர் வண்டி டிரைவர் வந்து விசாரித்தார். கிருஷ்ணகிரியில் ஒரு ரேடியேட்டர் பட்டறை இருக்கிறது, கொதிக்கிற வண்டியை முதலில் அவரிடம் காட்டாமல் யாரும் இன்ஜினைத் திறப்பதில்லை என்று சொன்னார். நன்றாக ஆறவிட்டு, இறக்கத்தில் மெதுவாகத் திரும்பிப் போனேன்.

பட்டறைக்காரர் எழுபதைத் தொட்ட பெரியவர். அவர் வண்டியைத் தொடவே இல்லை. என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்.

“எப்பக் கண்ணு கொதிக்குது? சமத்துல போறப்பவா, ஏத்தத்துலயா?”

“ஏத்தத்துல மட்டுந்தானுங்க. சமத்துல அறுபதுல போனா முள் அசையாதுங்க.”

“ராத்திரியில?”

யோசித்துப் பார்த்தேன். ராத்திரியில் ஒரு நாளும் கொதித்ததில்லை.

“காத்தால எழுந்து பார்த்தா தண்ணி குறைஞ்சிருக்குதா? ஸ்டார்ட் பண்ணுனா வெள்ளைப் புகை வருதா? ஆயில் மோர் மாதிரி ஆயிருக்குதா?”

மூன்றுக்கும் இல்லை.

“மைலேஜ்?”

இரண்டு மாதமாக லிட்டருக்கு 4.2 கிலோமீட்டரிலிருந்து 3.8க்கு இறங்கியிருந்தது. ஃபேன் எந்நேரமும் இரைந்துகொண்டே இருந்ததையும் சொன்னேன்.

“என்ன லோடு ஓட்டுறீங்க?”

திரும்பும்போது மக்காச்சோளம் என்றதும் அவர் சிரித்துவிட்டுப் பையனைக் கூப்பிட்டு, “இன்டர்கூலரைப் பிரிடா” என்றார்.

லாரியில் முன்னால் நிற்பது இன்டர்கூலர், டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது. அதற்குப் பின்னால் ஒட்டியபடி கூலன்ட்டைக் குளிர்விக்கும் ரேடியேட்டர், அதற்கும் பின்னால் ஃபேன். முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலரின் முகம்தான் தெரியும். அது என் வண்டியில் சுத்தமாகத்தான் இருந்தது. வாரம் ஒரு முறை வாட்டர் வாஷ் செய்கிறவன் நான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இரண்டு விரற்கடை இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. இன்டர்கூலரைப் பிரித்து நகர்த்தியபோது ரேடியேட்டரின் முகத்தில் கம்பளி போர்த்திய மாதிரி ஒரு படலம். சோளத் தோல், தூசி, அதில் படிந்த ஆயில் பிசுக்கு, மண் எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. பையன் அதைக் கையால் உரித்தான். ஒரு சிமென்ட் சட்டி நிறைய வந்தது. நான் முன்பக்கம் தண்ணீர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசியை உள்ளே தள்ளிச் சேறாக்கி வைத்திருக்கிறேன்.

காற்று போக வழி இல்லை என்றால் ரேடியேட்டர் இருந்தும் பயன் இல்லை. சமதளத்தில் அறுபதில் போகும்போது இன்ஜினுக்கு வேலை குறைவு, எதிர்காற்றும் உண்டு, அதனால் எப்படியோ சமாளித்தது. ஏற்றத்தில் இன்ஜின் முழு பலத்தையும் கொடுக்கிறது, வண்டியோ பதினைந்து இருபதில் ஊர்கிறது. அப்போது ஃபேன் இழுக்கிற காற்று மட்டும்தான் துணை. அதையும் அந்தப் படலம் மறித்துவிட்டது. சூடு ஏறினால் வேகமெடுக்கிற விஸ்கஸ் ஃபேன், சூடு தணியாததால் விடாமல் சுற்றியது. அதைச் சுற்றவும் இன்ஜின் பலம் போயிற்று, மைலேஜ் விழுந்தது. ராத்திரியில் வெளிக்காற்று குளிர்ச்சி, அதனால் கொதிக்கவில்லை. எல்லா அறிகுறியும் ஒரே இடத்தைக் காட்டியிருக்கின்றன. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

“குமிழி வந்துச்சே ஐயா?” என்று கேட்டேன்.

“கொதிக்கிற உலையில குமிழி வராம என்ன வரும் கண்ணு?”

அந்த ஒரு பதிலில் எனக்கு எல்லாம் புரிந்தது. கேஸ்கட்டுக்குக் குமிழ் பார்ப்பது சரியான சோதனைதான். ஆனால் அதை இரவு முழுக்க நின்று ஜில்லென்று இருக்கும் வண்டியில் செய்ய வேண்டும். காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடாவதற்கு முன்பே குமிழ் விடாமல் வந்தால் கம்ப்ரஷன் கசிகிறது என்று அர்த்தம். மேல் ஹோஸும் சூடாவதற்கு முன்பே கல் மாதிரி இறுகும். கொதித்துக்கொண்டு வந்த வண்டியில் பார்த்தால் எந்த இன்ஜினிலும் குமிழ் வரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மூடி இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவக் கருவி இருக்கிறது, எரிந்த வாயு கலந்தால் அந்த நீலம் நிறம் மாறிவிடும். கூலிங் சிஸ்டத்துக்குக் கைப் பம்ப்பில் அழுத்தம் கொடுத்து, மீட்டர் இறங்குகிறதா என்று பார்ப்பதும் உண்டு. இதற்கெல்லாம் ஹெட்டில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

ரேடியேட்டரைப் பிரித்து, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கி அதுவே அடைப்பாகிவிடும் என்று பையனை இரண்டு முறை அதட்டினார் பெரியவர். ரேடியேட்டர் மூடியையும் சோதித்தார். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலே வண்டி கொதிக்கும். என்னுடையது நன்றாக இருந்தது. மாலைக்குள் வேலை முடிந்தது. கூலி 4,800 ரூபாய்.

அதே லோடோடு, அதே மேலுமலையில் மறுநாள் மதிய வெயிலில் ஏறினேன். முள் நடுவை விட்டு அசையவில்லை. சூளகிரி தாண்டி ஓரமாக நிறுத்தி இறங்கினேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு வளையல் ஞாபகம்தான் வந்தது.

ஊர் திரும்பியதும் சாக்கைப் பிரித்தேன். பழைய கேஸ்கட் உள்ளே இருந்தது. கேஸ்கட் உண்மையில் அடித்திருந்தால், சிலிண்டர் வளையத்திலிருந்து தண்ணீர் ஓட்டைக்கோ பக்கத்து சிலிண்டருக்கோ கரி பிடித்த ஒரு தடம் ஓடியிருக்கும் என்று பெரியவர் சொல்லி அனுப்பியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆறு வளையமும் சுத்தமாக இருந்தன. லேத் பட்டறைக்கும் போய் விசாரித்தேன். “பெரிய வளைவு ஒண்ணும் இல்லீங்க. கொண்டாந்து குடுத்தாங்க, லேசா ஒரு கட் எடுத்துக் குடுத்தோம்” என்றார்கள்.

மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். அந்த இரண்டு நாளில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீலைப் பார்த்தேன். அவர் சொன்ன சில விஷயங்கள் லாரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

முதலாவது, பில்லில் தகராறு என்று வண்டியைப் பட்டறையிலிருந்து பலவந்தமாக எடுத்துவர முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவு, ஒரு பொருளில் உழைப்பைப் போட்டவர் தன் கூலி வரும் வரை அதைப் பிடித்து வைக்க உரிமை தருகிறது. அதனால் வண்டி நின்று நின்று நஷ்டமாவதை விட, பணத்தைக் கட்டும்போதே ‘இந்தத் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லின் நகலில் எழுதி, தேதி போட்டு, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொண்டு வண்டியை எடுப்பது நல்லது. நான் அப்படிச் செய்திருக்கவில்லை. ஆனால் பணத்தை வங்கி வழியாக அனுப்பியிருந்தேன், அதற்குப் பதிவு இருந்தது.

இரண்டாவது, லாரி தொழிலுக்கான வண்டி, அதனால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குவதை விலக்குகிறது என்பது உண்மை. ஆனால் சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அதே சட்டத்தில் விளக்கம் சேர்த்து இடம் கொடுத்திருக்கிறார்கள். ஒற்றை வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் அதைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு அந்த வழி கடினம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யவும் முடியும்.

இதெல்லாம் கையில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் கோபம் பாதி தணிந்தது. கோபத்தோடு போயிருந்தால் அவரும் வீம்புக்கு நின்றிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். வேலையாட்கள் முன்னால் ஒரு மேஸ்திரியிடம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. எடுத்தால் அவருக்குத் தன் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் தோன்றும். பழைய கேஸ்கட்டை மேசையில் வைத்தேன். ரேடியேட்டரின் படத்தைப் போனில் காட்டினேன்.

“அண்ணே, இதுல எங்க அடிச்சிருக்குன்னு எனக்குக் கொஞ்சம் காட்டுங்க.”

அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறைய நேரம் பேசவில்லை. பிறகு, “அவ்வளவு கொதிச்ச வண்டி தம்பி, எப்படியும் போயிருக்கும்னு நெனச்சுட்டேன்” என்றார். அது பொய் இல்லை என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். கொதித்து வரும் வண்டிகளில் பலவற்றுக்குக் கேஸ்கட் போயிருக்கும், அவர் கை அதற்குப் பழகியிருந்தது. ஆனால் அவர் நினைத்ததற்கு நான் 96,600 கொடுத்திருக்கிறேன். நல்ல எண்ணம் இருந்தது என்பதற்காக அந்த நஷ்டத்தை நான் ஒருவனே சுமக்க வேண்டும் என்பது நியாயம் இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

மொத்தமாகத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பில்லை வரி வரியாகப் பிரித்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆயில், ஃபில்டர், கூலன்ட் எப்படியும் மாற்ற வேண்டியவைதான், அதை விட்டுவிடுங்கள் என்றேன். வாட்டர் பம்ப்புக்கு நான் போனில் சரி சொன்னேன், அதுவும் என் கணக்கு. புது கேஸ்கட்டையும் போல்ட்டையும் கழற்றிக் கடையில் திருப்ப முடியாது என்பதும் எனக்குத் தெரியும். என்னைக் கேட்காமல் செய்த இன்ஜெக்டர் வேலையும், தேவையே இல்லாத வேலைக்கு வாங்கிய லேபரும்தான் என் கேள்வி. ஒரு மணி நேரம் பேசினோம். லேபர் 18,000 முழுதாக, இன்ஜெக்டரில் பாதி 7,500, ஆக 25,500 திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார். அன்றைக்கே பத்தாயிரம் கொடுத்தார். சிலர் என்னை ஏமாளி என்றார்கள், ஆணையத்துக்குப் போயிருந்தால் எல்லாம் வந்திருக்கும் என்றார்கள். வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பணம் டிசம்பர் டியூவுக்கு வேண்டியிருந்தது. இந்த ஊரில் கிளட்ச் வேலைக்கு அவரை விட்டால் வேறு கை எனக்குத் தெரியாது என்பதும் உண்டு.

அதற்குப் பிறகு நான் வண்டியை வேலைக்கு விடும் விதமே மாறிவிட்டது. கேபினில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் எந்த இடம், என்ன லோடு, எந்த கியர், பகலா இரவா, முள் எங்கே நின்றது, புகை என்ன நிறம் என்று அப்போதே எழுதிவிடுவேன். பட்டறைக்குப் போனதும் ‘கேஸ்கட் போயிருக்குமோ, டர்போ போயிருக்குமோ’ என்று நானாக நோய்க்குப் பெயர் வைப்பதில்லை. நாம் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவர் மனம் அந்த வழியிலேயே போகிறது. நோட்டில் இருப்பதை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்.

அவர் ஒரு முடிவு சொன்னால், “எதை வெச்சுச் சொல்றீங்கண்ணே? கழட்டாம பார்க்க வழி இருக்குதா?” என்று கேட்கிறேன். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை, சொல்லிக் கொடுக்கிறார். கோபப்படுகிறவரிடம் இன்ஜினைத் திறக்க விடுவதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடுவேன். செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். வண்டி கொதிக்கிறது என்றால் முதலில் தண்ணீர் அளவு, மூடி, பெல்ட், ரேடியேட்டரின் இரண்டு முகம், ஃபேன், தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் என்பது சூடு ஏறியதும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போக வழி திறக்கிற வால்வு, அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். சிலர் அதை எடுத்து வீசிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். பல இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றி வந்துவிடும். இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஹெட் பக்கம் போக வேண்டும்.

பில் விஷயத்தில் இப்போது ‘பார்த்துச் செய்யுங்க’ கிடையாது. “முப்பதாயிரம் வரைக்கும் செய்யுங்கண்ணே, அதுக்கு மேல ஒரு ரூபாய்னாலும் எனக்கு வாட்ஸாப்புல போட்டுட்டுச் செய்யுங்க” என்கிறேன். அதையே வாட்ஸாப்பில் நானும் அனுப்பிவிடுகிறேன். பேச்சில் சொன்னது இரண்டு பேருக்கும் வேறு வேறு மாதிரி ஞாபகம் இருக்கும், எழுத்தில் இருந்தால் சண்டையே வராது. சாமான்களை முடிந்தவரை நானே கடையில் பில்லோடு வாங்கித் தருகிறேன். கழற்றிய பழைய சாமான் அத்தனையும் எனக்கு வேண்டும் என்பதையும் வேலை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த பிறகு கேட்டால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கிறது. முன்னாலேயே சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

வழியில் கொதித்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குத் தொப்பூரில் நான் தப்பாகச் செய்தேன். முள் ஏறுகிறது என்று தெரிந்ததுமே, சிவப்புக்குப் போகும் வரை காத்திராமல் ஓரம் கட்டுங்கள். தண்ணீர் வெளியே போயிருக்காவிட்டால் இன்ஜினை உடனே அணைக்க வேண்டாம். கொஞ்சம் ரேஸ் வைத்து ஓடவிட்டால் தண்ணீர் சுற்றிச் சூடு சீராக இறங்கும். பட்டென்று அணைத்தால் ஹெட்டில் சூடு தேங்கி நிற்கும். தண்ணீர் கொட்டிவிட்டது என்றால் மட்டும் அணைத்துவிடுங்கள். மூடியை எக்காரணம் கொண்டும் சூட்டில் திறக்காதீர்கள். அது திறந்த நொடியில் கொதிநீர் முகத்துக்கு வரும், அப்படி வெந்துபோன ஒரு கிளீனர் பையனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் நல்ல ஹெட்டும் விரிசல் விடலாம்.

மக்காச்சோளம், நெல், பஞ்சு, வைக்கோல் ஓட்டுகிறவர்கள் சீசன் முடிந்ததும் ஒரு தடவை இன்டர்கூலரை நகர்த்திப் பாருங்கள். நான் அறுவடை லோடு ஓடும் மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிருஷ்ணகிரியில் நிறுத்துகிறேன். அடிக்கடி செய்வதால் இப்போது இரண்டு மணி நேர வேலைதான். மைலேஜ் பழையபடி 4.2க்கு வந்துவிட்டது.

மெக்கானிக் அண்ணன் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஐயாயிரம் ஐயாயிரமாகக் கொடுத்தார். மீதி 5,500 இருந்தது. மார்ச்சில் கிளட்ச் வேலைக்கு விட்டபோது அதைக் கழித்துக்கொண்டார். அந்த வேலை நடந்த இரண்டு நாளும் நான் பட்டறையிலேயே இருந்தேன். இரண்டாவது நாள், கொதிக்கிறது என்று ஒரு சரளை லோடு டிப்பர் வந்து நின்றது. பையன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். “டேய், இரு. ஆறட்டும், காத்தால பார்ப்போம்” என்று உள்ளிருந்து அண்ணன் சத்தம் போட்டார். வண்டிக்காரர் பக்கம் திரும்பி, “என்ன லோடுங்க ஓட்டுறீங்க?” என்று கேட்டார்.